நாட்டாமை பொறுக்கும் புல்விதை

யுத்தத்தில் பெட்ரோல் கிடைப்பதில்லை. தூத்துக்குடியிலிருந்து ஆத்தூர் போகும் எங்கள் பஸ் கரியை எரித்து வரும் வாயுவில்தான் ஓடுகிறது. கரி போடுவதற்காக வழியில் நிறுத்துகிறார்கள். நான் இறங்கிச் சாலையோரமாக நடக்கிறேன். உடைமுள் வேலிக்கு வெளியேயும் சாய்ந்து வழிகிறது கொழுக்கட்டைப் புல். உள்ளே மீசை நரைத்த ஒருவர் வியர்க்க வியர்க்கக் கதிர்களை உருவி ஓலைப்பெட்டியில் போடுகிறார். வேலிக்குக் காவல் நிற்கும் பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“எங்க ஊர் நாட்டாமை, அண்ணாச்சி. மூணு வருசத்துக்கு முன்ன இது கட்டாந்தரை. மாட்டுக்கு ஒரு வாய் புல் கிடையாது. ஊரே சேர்ந்து வேலி போட்டு விதைச்சோம். யாரு ஆடு நுழைஞ்சாலும் ஒரு பெட்டி விதை உருவணும்னு சட்டம் போட்டது அவருதான். இன்னைக்கு அவரு ஆட்டையே பிடிச்சுக் கட்டிட்டேன்.”

“கோபப்படவில்லையா?”

“முதல்ல முறைச்சாரு. பொறவு, பெட்டி எங்கன்னு கேட்டாரு.”

பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் ஓடுகிறேன்.

“நில்லுங்க அண்ணாச்சி! வேட்டியில ஒட்டிக்கிட்டுப் போறது எங்க ஊர் விதை!”

பஸ்ஸே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறது. நான் ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்கிறேன். நாட்டாமை வேலியோரம் வந்து, பெட்டியை என் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.