கல்லில் ஏழாவது பேர்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: சென்ற சனிக்கிழமை காலை, நம் வேதக்கோவில் வளாகத்தில் நிற்கும் போர்க்கல்லுக்குச் சாத்தியிருந்த சாமந்தி மாலையை ஒரு வெள்ளாடு முழுசாகத் தின்று தீர்த்தது. நாரைக்கூட விடவில்லை. ஆடு சுகமாக இருக்கிறது.

இந்த மாபெரும் செய்தியைச் சூசை மாமாவிடம் சொல்ல வேண்டும், அவர் கம்பை ஓங்கிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நாலைந்து பேர் தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். உள்ளேயிருந்து வந்த என் அம்மா, "சத்தம் போடாதலே. மாமா விடியக்காலைல போய்ச் சேந்துட்டாக" என்றாள். மாலையைக் காக்க அன்று ஏன் ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் கதை உங்களுக்குத் தெரியும். தெரியாத சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். இதற்கு முந்தைய உலகச் சண்டைக்கு நம் ஊரிலிருந்து மெசபடோமியாவுக்குக் கோவேறு கழுதை ஓட்டப் போனவர்கள் ஏழு பேர். கூடாரத்தில் காலரா புகுந்து ஏழு பேரும் முடிந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அன்றிருந்த சாமியார் ஏழு பேரையும் கல்லில் வெட்டி, பூசை வைத்து நட்டார். அடுத்த வருஷம், மதுரையிலிருந்து வண்டியும் நடையுமாக, ஏழாவது பேர் ஊருக்குள் நடந்து வந்தது, சூசை மாமாவாக. வெள்ளைச் சேலையோடு கதவைத் திறந்த அவர் பெண்சாதி, அத்தை, அப்படியே மயங்கிச் சாய்ந்துவிட்டாளாம். பேரை அழித்தால் கல் விண்டுபோகும் என்று கல்தச்சர் சொல்ல, அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் கல்லைத் துடைப்பது அவர் வேலை. கல்லறைத் திருநாளில் பேருக்கொரு மெழுகுதிரி ஏற்றுவதும் அவர்தான், தன் பேருக்கும் சேர்த்து. "என்ன மாமா, கல்லுக்கணக்கா இருக்கீகளா?" என்று கேட்டால், "கல்லுலயே இருக்கேன்லே" என்பார்.

ஒரு வருஷம் அவருடைய திரியை மட்டும் ஊதி அணைத்துவிட்டு, "மாமா, நீங்க அணைஞ்சு போனீக" என்றேன். அடி விழும் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவர் நிதானமாக, "மறுபடி பத்த வையி. ரெண்டு தடவ செத்தவன்னு பேராவது கிடைக்கும்" என்றார். குறும்பில் எனக்கு ஈடாக நின்ற பெரிய மனிதர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

அந்தச் சிரிப்பு, சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்ததோடு போயிற்று. அவருடைய ஒரே மகன் அருளப்பன் பட்டாளத்தில் சேர்ந்து அங்கேதான் இருந்தான். அதன்பின் ஒரு வரிகூட இல்லை. சின்னமனூரிலிருந்து தபால்காரர் சைக்கிளில் வரும் நேரத்துக்கு மாமா கல்லடியில் உட்கார்ந்திருப்பார். கண்ணில் புரை விழுந்து சைக்கிள் தெரியாமல் போன பிறகும், மணிச்சத்தத்துக்குத் தலையைத் திருப்புவார். தபால்காரர் நம் கோவிலைத் தாண்டும்போது மணியடிப்பதையே விட்டுவிட்டார்.

இந்தக் கோடையில் ஒருநாள் பூசை முடிந்ததும் அவர் சாமியாரிடம் போய் நின்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சாமி, எம் மகன் பேரையும் அந்தக் கல்லுல வெட்டச் சொல்லுங்க."

சாமியார் பதறிப்போனார். "என்ன சூசை இது? உசுரோட இருக்கிறவன் பேரை இறந்தவங்க கல்லுல வெட்டலாமா?"

"எம் பேரு அங்கனதான இருக்கு சாமி? வெட்டுனாக, நான் வந்துட்டேன். அவன் பேரையும் வெட்டுங்க, அவனும் வந்துருவான்."

சாமியார் அவர் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "மாமா, மத்த ஆறு பேரையுந்தான வெட்டுனாக. அவுக வரலையே?" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. உட்கார இடம் தேடுவதுபோல் கையால் காற்றைத் தடவினார். என் வாழ்நாளில் நான் அடித்த ஆகக் கேவலமான பகடி அதுதான்.

அதற்குப் பரிகாரமாகத்தான் அந்தத் துணிகரச் செயல். அம்மி கொத்த வந்தவரிடம் உளியையும் சுத்தியலையும் இரவல் வாங்கினேன். சாமியார் உண்டு உறங்கும் உச்சிவெயில் நேரத்தில், ஏழாவது பேருக்குக் கீழே எட்டாவதாக 'அருளப்பன்' என்று வெட்டினேன். இந்த ஊரில் எவனுக்கு இந்த நெஞ்சுரம் உண்டு? 'நாங்கள் பார்க்கவில்லையே' என்பீர்கள். கல்லின் அடியில் அறுகம்புல் ஏறிக் கிடக்கிறது; யார் குனிந்து பார்த்தீர்கள்? பையன்களிடம் இதைச் சொல்லி ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

அன்று மாலையே மாமாவைக் கூட்டிவந்து, கையைப் பிடித்து, விரலை எழுத்தின்மேல் வைத்தேன். மெதுவாகத் தடவினார். ஒருமுறை தடவி, மறுபடி முதலிலிருந்து தடவினார்.

"நல்லா ஆழமா வெட்டிருக்கலே. இருவத்தஞ்சு வருச மழைக்கும் தாங்கும்" என்றார். என் தலையில் கை வைத்தார். மறுநாளிலிருந்து தபால் நேரத்துக்கு அவர் வரவில்லை. மகன் வந்துவிடுவான் என்ற தெம்பு என்று எண்ணிக்கொண்டேன். மூன்றாவது வாரம் போய்விட்டார். அருளப்பனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. அந்தக் கல் இப்போதுதான், ஏழு பேர் விஷயத்திலும், உண்மையைச் சொல்கிறது.

இனி நீங்கள் புல்லை விலக்கிப் பார்க்கப் போவீர்கள். சிரமம் வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அங்கே எட்டாவது பேர் இல்லை. முதல் அடியில் ஒரு சில்லு தெறித்தது; கல் விண்டுபோகும் என்ற பேச்சு நினைவுக்கு வந்தது; உளியைப் போட்டுவிட்டு ஓடினேன். மாலையில் அவர் விரலை நான் வைத்தது 'சூசை' என்ற அவர் பேரின்மேல். புரை விழுந்த மனிதர், எழுத்துப் படிக்காதவர், என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆனால் புதிதாய் வெட்டிய எழுத்தென்றால் விரலில் பொடி ஒட்டும். அவர் விரலில் ஒட்டவில்லை. இருபத்தைந்து வருஷம் சனிக்கிழமைதோறும் அவரே துடைத்த பேர் அது. அவர் இரண்டாம் முறை தடவியது ஏன் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

அவருடைய துணி என்னிடம் இருக்கிறது. நேற்று நனைத்துப் பிழிந்து முதல் பேரிலிருந்து துடைத்துக்கொண்டு வந்தேன். ஏழாவதுக்குக் கீழே, கல்லில், மிளகளவு ஒரு பள்ளம் இருக்கிறது. நான் வெட்டியது அவ்வளவுதான்.