சொட்டக்காவின் கண்ணாடிக் குழல்

அந்த ஆலையில் அவளுக்குச் சொட்டக்கா என்றுதான் பெயர். ஆபரேஷன் அறையில் போடும் அங்கிக்கான துணி, மருந்துத் தொட்டியில் நனைந்து, சூட்டு அறை வழியாக ஓடி வெளியே வரும். சூடு ஆறியதும் கண்ணாடிக் குழலால் அதன்மேல் தண்ணீர் சொட்டிப் பார்ப்பது அவள் வேலை. சொட்டு முத்தாக உருண்டு நின்றால், ரத்தமும் சுலபத்தில் உள்ளே இறங்காது. ஒரு துணிச் சுருளுக்கு ஒரு சொட்டு போதும். இவளுக்குப் பத்து வேண்டும்.

"என் தங்கச்சி உடம்புல ஏறப்போற துணிங்க" என்பாள். தங்கை ஆபரேஷன் அறை நர்ஸ். பதினாறு வருஷமாக இதே பேச்சு. எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவள்தான், அன்று காலை லாரிக்காரர் அவசரப்படுத்தினார் என்று, ஆறாத முதல் சுருளைச் சோதிக்காமலே ஏற்றிவிட்டாள். கிரகசாரம், வேறென்ன?

மதியம் சாப்பிட்டு வந்து இரண்டாவது சுருளில் சொட்டினாள். சொட்டு நிற்கவில்லை, சட்டென்று உள்ளே இறங்கியது. இன்னொன்று விட்டாள். அதுவும் போயிற்று. இரண்டு சுருளும் ஒரே தொட்டி மருந்து. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தங்கை?

நேரே மேற்பார்வையாளரிடம் போனாள்.

"லாரியைத் திருப்பச் சொல்லுங்க மேடம். முதல் சுருளைப் பாக்காமலே அனுப்பிட்டேன். தப்பு என்னோடதுதான்."

லாரி திரும்பி வர மூன்று மணி நேரம். அதுவரை அவள் ஆலை வாசலை விட்டு நகரவில்லை.

மேடம் தன் குழலால் இரண்டு சுருளிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். கல்லுக்குண்டாக நின்றன. பிறகு சொட்டக்காவின் குழலை எடுத்து முகர்ந்தார். எலுமிச்சை வாசம்.

"அக்கா, இதை எதால கழுவினீங்க?"

"அழுக்கா இருந்துச்சேன்னு... டிபன் பாக்ஸோட சேத்து, சோப்பு போட்டு..."

"சோப்புத் தண்ணி பட்டா எந்தத் துணியும் குடிக்கத்தான் செய்யும். கழுவுனது சரி, அலச வேண்டாமா?"

சொட்டக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போன உயிர் திரும்பி வந்த நிம்மதி.

"அப்ப கிளம்பட்டுமா?" என்றார் லாரிக்காரர், கடுகடுவென்று.

"இருங்கண்ணே" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குழலை மூன்று தரம் அலசினாள். "மேடம் ஒண்ணுதான் விட்டாங்க. இன்னும் ஒம்பது இருக்கு."