வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்ட லிங்க்

சிவப்புப் பேனாவால் வரிக்கு வரி அடித்த ஒன்பது பக்கக் காகிதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதிலிருந்தவை எல்லாம் இணையதளங்களின் பெயர்கள், சேர்த்தவன் நான். அடித்தவர் என் முதலாளியம்மா. ஒரகடத்தில் சின்னதாக ஒரு பேலட் பட்டறை நடத்தினார். கம்பெனிகள் தங்கள் சரக்கை அடுக்கி லாரியில் ஏற்றும் மரத்தட்டுக்குத்தான் பேலட் என்று பெயர். பதினோரு ஆட்கள், கம்ப்யூட்டருக்கு நான். அருப்புக்கோட்டையிலிருந்து காண்ட்ராக்ட் வேலைக்கு வந்து, அது முடிந்ததும் இங்கே ஒட்டிக்கொண்டவன். எல்லோரையும் போல நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

2011 வாக்கில் பட்டறைக்கு ஓர் இணையதளம் செய்தேன். அந்தக் காலத்தில் லிங்க் மாற்றிக்கொள்வது பெரிய வித்தை. உங்கள் பெயரை எங்கள் தளத்தில் போடுகிறோம், எங்கள் பெயரை உங்கள் தளத்தில் போடுங்கள் என்று மெயில் அனுப்ப வேண்டும். நாலு தளங்கள் நம்மைச் சொன்னால் தேடுபொறி நம்மை முன்னால் நிறுத்தும். நான் நாலோடு விடுவேனா? ஒரே மெயிலை உலகம் முழுக்க அனுப்பினேன். சூதாட்டக்காரர், முடி வளரும் தைலக்காரர், எங்கோ ரஷ்யாவில் நாய்க்குட்டி விற்பவர் என்று யார் சரி சொன்னாலும் சேர்த்துக்கொண்டேன். பேலட் என்று தேடினால் எங்கள் பட்டறைதான் முதலில் வந்தது. ஆர்டர்கள் குவிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு தேடுபொறி தன் விதியை மாற்றியது. சம்பந்தமில்லாத லிங்க்குகளைச் சேர்த்தவர்களை ஒதுக்கித் தள்ளியது. எங்கள் தளம் முதல் பக்கத்திலும் இல்லை, பத்தாம் பக்கத்திலும் இல்லை. போன் அடிப்பது நின்றது. சர்வர் கோளாறு என்று அக்காவிடம் மூன்று வாரம் புளுகினேன். ஒருநாள் அவர் ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, "பொங்கல் வரைக்கும் பாக்கலாம்பா. ஆர்டர் வரலன்னா பட்டறைய மூடறத தவிர வேற வழியில்ல" என்றார். அன்றைக்குத்தான் நான் உண்மையைக் கக்கினேன். அக்கா திட்டவில்லை. பட்டியலை அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னார்.

"யாரு தம்பி இவன்?"

"தெரியாதுக்கா."

"நாய்க்குட்டி விக்கறவனுக்கும் பேலட்டுக்கும் இன்னா சம்பந்தம்? தெரியாதவன் பேரெல்லாம் நம்ம வூட்டு வாசல்ல ஏன் கீது?"

ஒன்பது பக்கத்தில் மூன்று பெயர்கள் மிஞ்சின. கடைசிக் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் பட்டியல் எடுப்பதுபோல் அவரே எழுத ஆரம்பித்தார்: மரவாடி, கிரேன்காரர், லாரி ஆபீஸ், அட்டைப்பெட்டி கம்பெனி. எல்லோரும் எங்களோடு தினமும் வேலை செய்கிறவர்கள். இவர்களைக் கேட்க எனக்குத்தான் ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

மெயில் அனுப்பட்டுமா என்றேன். "மெயில்ல கூப்ட்டா எவன் வருவான்?" என்றார். மறுநாள் பட்டுப்புடவையில், தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமத்தோடு வந்து என் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். எனக்கு மானம் போனது. ஒரு லிங்க்குக்குத் தாம்பூலமா? ஆனால் மூன்றாவதாகப் போன இடத்தில் கிரேன்காரர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு, "போட்டுடலாம்மா, நீங்க வரணுமா இதுக்கு?" என்றார். என்னுடைய ஆயிரம் மெயில்களுக்கு யாரும் எழுந்து நின்றதில்லை.

கடைசியாக வாலாஜாபாத்துக்காரர். அதே தொழில், எங்கள் வாடிக்கையாளர்கள் இரண்டு பேரை இழுத்துக்கொண்டவர். வேண்டாம் என்று கெஞ்சினேன். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இன்னாமா, வூட்ல விசேஷமா?" என்றார் அவர்.

"அதெல்லாம் இல்லண்ணா. பெரிய மெஷினுக்கு மரப்பொட்டி அடிக்கறது எங்களால முடியாது. கேட்டு வர்றவங்கள உங்களாண்ட அனுப்பலாம்னுதான். உங்க பேர எங்க வெப்சைட்ல போட்டுக்கறேன்."

"பதிலுக்கு நான் இன்னா செய்யணும்?"

"ஒன்னும் வேணாண்ணா."

அவர் தட்டை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு தன் கணக்கு நோட்டைத் திறந்தார். வெளியே வந்ததும், "கேட்டிருந்தா குடுத்திருப்பாருக்கா" என்று எரிந்து விழுந்தேன். "கேக்கற எடமா அது?" என்று மட்டும் சொன்னார்.

மார்கழி பாதி போய்விட்டது. நான் பழைய லிங்க்குகளை எல்லாம் நீக்கிக்கொண்டிருந்தேன், தேடுபொறி இரங்கவில்லை. பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரு கம்பெனி போன் செய்தது. மாதாமாதம் பேலட் வேண்டுமாம். எங்கள் பெயர் தேடும்போது கிடைத்ததா என்று ஆசையாகக் கேட்டேன். "இல்ல சார், வாலாஜாபாத்துக்காரர் வெப்சைட்ல போட்டிருக்கே" என்றார்கள்.

திறந்து பார்த்தேன். அதுவரை தன் தளத்தில் வேறு யார் பெயரையும் போடாத மனிதர், முகப்பிலேயே பெரிய எழுத்தில் எங்கள் லிங்க்கைப் போட்டிருந்தார். மேலே ஒரு வரி: "பேலட் மட்டும் வேண்டுமென்றால் இவர்களிடம் போங்கள். எங்களைவிட நேர்த்தியாகச் செய்கிறவர்கள்." இன்று சென்னையில் பெரிய ஆபீசில் இதே வேலைதான் பார்க்கிறேன். போட்டிக்காரர் ஒருவர் இப்படி எழுதி நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அக்கா அந்த வரியை இரண்டு முறை படித்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குள் போய், ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். பதினோரு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"ஊருக்கு போறவங்க பொங்கல் முடிஞ்ச மூணாம் நாளே திரும்பி வந்துடணும்பா" என்றார். "வேலை கீது."