ஐந்து சாட்சிகளும் ஓர் அலுமாரியும்

காலை எட்டு மணி பதினேழு நிமிடம். கல்வியியற் கல்லூரிக்கான இரண்டாவது பட்டியல் எட்டு மணிக்கு இணையத்தில் வருமென்று அறிவித்திருந்தார்கள். பெயர் வந்தவர்கள் அன்றே பிற்பகல் நான்கு மணிக்குள் உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. பாடசாலைக் கணினி அறையில் பக்கத்தைத் திறந்தேன். மகளின் இலக்கம் இல்லை.

நான் அந்தப் பாடசாலையின் கணினி ஆசிரியை. ஆகவே பதறாமல் முறைப்படி பதறினேன். உலாவியின் நினைவகத்தை அழித்தேன். அடுத்த கணினியில் பார்த்தேன், அதற்கடுத்ததிலும், நான்காவதிலும். பாடசாலை வைஃபையில் என் கைபேசியிலும் பார்த்தேன். குர்ஆனின் யாசீன் ஓதித் திரையில் ஊதியும் பார்த்தேன். எங்கும் அதே பட்டியல். பக்கத்தின் அடியில் பழைய திகதி கிடந்தது. மாற்ற மறந்திருப்பார்கள் என்று பெரிய மனதோடு மன்னித்தேன்.

வீட்டில் மகள் காத்திருந்தாள். அதிர்ச்சி தரும் செய்தியை அவள் தனியே பார்த்துவிடக் கூடாதென்று, அவளுடைய கைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். தாய்ப்பாசம்.

நண்பகல் லுஹர் தொழுகையும் பள்ளிவாசல் கூட்டமும் முடிந்து, இரண்டே முக்காலுக்கு வீடு வந்த கணவர் தன் பட்டன் போனிலிருந்து அழைத்தார். அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்.

"என்ன புள்ள, வந்திரிக்கா?"

"இல்ல. நாலு கொம்பியூட்டர்லயும் பாத்திட்டன். என்ட போன்லயும் பாத்திட்டன். அஞ்சும் ஒண்டத்தான் செல்லுது."

"போன பெருநாளைக்கும் அஞ்சு பேர் பிறை கண்டமெண்டு வந்தாங்க. விசாரிச்சா, கண்டது ஒராள். மத்த நாலு பேரும் அவர்ட வாயப் பாத்தவங்க. ஒங்கட அஞ்சும் ஆர்ட்டக் கேட்டுச் செல்லுது?"

திரும்பிப் பார்த்தேன். ஐந்தும் அறை மூலையிலிருந்த ஒரே பெட்டியிடம் கேட்டுத்தான் சொன்னன. இணைப்பு மெதுவென்று அதிபரிடம் மன்றாடிப் போன வருடம் நானே வைப்பித்த ப்ரொக்சி அது. ஒருவர் திறக்கும் பக்கத்தைப் பிரதியெடுத்து வைத்து, பின்னால் கேட்பவர்களுக்கெல்லாம் அந்தப் பிரதியையே கொடுக்கும். அன்று காலை ஏழரைக்கு, பொறுமையில்லாமல் அந்தப் பக்கத்தை முதலில் திறந்தவளும் நான்தான். பெட்டி பாவம், என் அவசரத்தை நாள் முழுக்கப் பத்திரமாகக் காத்தது.

கைபேசியில் வைஃபையை நிறுத்தி, டேட்டாவில் பார்த்தேன். புதிய பட்டியல். நான்காவது வரியில் மகள்.

உறுதிப்படுத்தப் போனால், இரகசிய இலக்கம் அவளுடைய கைபேசிக்குத்தான் வருமாம். மூன்று மணியாகிவிட்டிருந்தது. கணவரை அழைத்துக் கத்தினேன்.

"புள்ளட போனை எடுத்துக் குடுங்க! பேர் வந்திரிக்கி!"

"அலுமாரிச் சாவி எங்க?"

என் கைப்பையைப் பார்த்தேன். அதற்குள்தான்.

"உடைங்க," என்றேன்.

"ஒங்கட சீதன அலுமாரியயா? நல்லா யோசிச்சித்தான் செல்றீங்களா?"

"அலவாங்கை எடுத்து நெம்புங்க!"

அதன்பின் அவர் எடுக்கவில்லை, நான் எத்தனை முறை அழைத்தும். இலங்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை நிமிடம் என்பதை அன்றுதான் எண்ணினேன். அந்த எண்ணிக்கை இப்போதும் சில வேளை நெஞ்சுக்குள் ஓடுகிறது.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்க, பாடசாலை வாசலில் தன் வாப்பாவின் மோட்டார் சைக்கிளிலிருந்து மகள் இறங்கி வந்தாள். முக்காட்டில் மரத்தூள்.

"பதிஞ்சிட்டன் உம்மா," என்றாள். "அலுமாரிக்கு இனிக் கதவில்ல. அடுத்த தரம் என்ட போனை எங்க வெச்சிப் பூட்டப் போறீங்க?"