லிட்டருக்கு ஐம்பது என்று சொன்னவர்

உங்கள் ஸ்கூட்டர் லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடியதே இல்லை. நீங்கள் பொய் சொன்னீர்கள். ஒரு தடவை வாய் தவறிச் சொல்லவில்லை, வருஷக்கணக்கில் சொன்னீர்கள். அதை முழுசாக நம்பிய ஒரே ஆள் என் கணவர்.

உங்களுக்கு எல்லாம் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன். இவர் என் கணவரோடு மவுண்ட் ரோடு ஆபீசில் ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். மந்தைவெளியில் குடியிருந்தார். என் கணவரை மச்சி என்பார், என்னை அண்ணி என்பார். பெயரை எழுதப் போவதில்லை. படித்தால் அவருக்கே தெரியும்.

நான் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தேன். கல்யாணமாகி நான் போன வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஒரே அறை, ஒரு சமையற்கட்டு. அதில் மாமியார், இரண்டு நாத்தனார்கள், நாங்கள் இருவர், பிறகு எங்கள் மகள். இரவில் ஒரு சேலையைக் குறுக்கே கட்டினால் அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். இருமினால்கூட மறுநாள் காலையில் யாராவது விசாரிப்பார்கள். அப்படி ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேச முடியும்? என் கணவர் இயல்பிலேயே பேசாத ஆள். வீட்டில் சுத்தமாகப் பேசமாட்டார்.

அறுபதுகளின் கடைசியில், கல்யாணத்துக்கு முன்பே அவர் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்திருந்தார். அந்தக் காலத்தில் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கள் வண்டி வந்தபோது மகள் நடக்க ஆரம்பித்திருந்தாள். வண்டிக்கான விளம்பரம் பத்திரிகையில் வரும். புருஷன் ஓட்டுகிறான், பின்னால் பெண்டாட்டி ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறாள், முன்னால் குழந்தை நிற்கிறது. மூன்று பேரும் சிரிக்கிறார்கள். மேலே பெரிய எழுத்தில் லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில், ஒருவர் மட்டும் சீரான வேகத்தில் ஓட்டினால் என்று ஒரு வரி. அந்த வரியை நான் படித்தது ரொம்ப வருஷம் கழித்து, வேறொரு வீட்டில் அலமாரிக்கு விரித்திருந்த பழைய தாளில். மூன்று பேர் படத்தைப் போட்டுவிட்டு ஒரு ஆள் கணக்கை எழுதியிருக்கிறார்கள். அந்தக் கம்பெனிக்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. ஆனால் அவர்கள் யாரோ. இவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவோம். சாந்தோமில் வாசலிலேயே கடல் இருக்கும்போது அங்கே எதற்குப் போகிறீர்கள் என்று மாமியார் கேட்பார். கடலுக்காகப் போகவில்லை. வண்டியில் ஏறி அந்தச் சந்தைத் தாண்டியதும் என் கணவர் பேச ஆரம்பிப்பார். வீட்டில் வாய் திறக்காத மனிதர் வண்டியில் நிறுத்தாமல் பேசுவார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து பதில் சொல்வேன். கேட்காவிட்டால் தலையைக் கொஞ்சம் சாய்ப்பார். அடையாறு பாலம் ஏறும்போது வண்டி முக்கும், அப்போது மட்டும் பேச்சு நிற்கும். இறங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். மகள் முன்னால் நின்றுகொண்டு ஹாரனை அமுக்கியபடியே வருவாள்.

அப்போதுதான் பெசன்ட் நகரில் ஹவுசிங் போர்டு தவணை வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் மணலும் செங்கலும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வண்டியை மெதுவாக்கி, "இங்க ஒண்ணு எழுதிப் போடலாமா? ரெண்டு ரூம் வருது" என்றார்.

"உங்க அம்மா?"

"அம்மாவும் தங்கச்சிங்களும் அங்க இருக்கட்டும். மாசா மாசம் குடுத்துடலாம். நாம தனியா இருக்கணும்."

அதைச் சொல்ல அவருக்கு அந்த இரைச்சல் வேண்டியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதும் வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த சில வாரங்களும் அதே பேச்சுதான். என் சம்பளத்தையும் சேர்த்தால் முடியும், இந்த வருஷக் கடைசிக்குள் மனுப் போட்டுவிடலாம் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டோம். என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டது அந்த இரண்டு அறைதான்.

அப்புறம் பெட்ரோல் விலை ஏறியது. ஒரேயடியாக ஏறியது. ஆபீஸ் ஸ்கூட்டர் ஸ்டாண்டில் ஆண்கள் கூடினால் வேறு பேச்சே இல்லை, உன் வண்டி எவ்வளவு கொடுக்கிறது, என் வண்டி எவ்வளவு கொடுக்கிறது. ஒருவர் நாற்பத்தைந்து என்றாராம், ஒருவர் நாற்பத்தெட்டு. நீங்கள் ஐம்பது என்றீர்கள். என் கணவர் மட்டும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். அதனால் வீட்டுக்கு வந்து சோதனை போட்டார். வண்டி ரிசர்வுக்கு வந்ததும் ஒரு லிட்டர் போட்டு, மறுபடி ரிசர்வுக்கு வரும்வரை எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தார். முப்பத்தாறு. என்னையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். முப்பத்தொன்று. மறுநாள் ஸ்டாண்டில் அதை அப்படியே சொல்லிவிட்டார். உள்ளதைச் சொன்ன ஒரே ஆளைப் பார்த்து எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

அந்த வாரமே நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மீன் குழம்பு. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டீர்கள். என் மாமியார் முன்னால், நாத்தனார்கள் முன்னால் வைத்துச் சொன்னீர்கள்.

"வண்டில ஒரு கொறையும் இல்ல மச்சி. பின்னாடி இன்னா ஏத்திக்கினு போற, அதப் பாரு. அண்ணி, நீங்க கொஞ்சம் சோத்தக் கொறச்சுக்கோங்க. வண்டிக்கு மூச்சு வாங்குது."

நாத்தனார்கள் சிரித்தார்கள். மாமியார், "நான் சொன்னா கேக்கறாளா, நீயே சொல்லு நைனா" என்றார். குழம்புச் சட்டி என் கையில்தான் இருந்தது. உங்கள் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை, அது இன்றுவரை எனக்கு வருத்தம்தான். என் கணவர் சிரிக்கவில்லை. யோசித்தார். சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும்.

அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு வேறு சிந்தனையே இல்லாமல் போயிற்று. வெயிலில் பெட்ரோல் ஆவியாகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வண்டிமேல் ஈரச் சாக்கைப் போட்டார். விடிகாலையில் போட்டால் பெட்ரோல் கெட்டியாக இருக்கும் என்று பால் வாங்கும் நேரத்தில் பங்க்குக்குப் போய் நின்றார். சிக்னலில் இன்ஜினை அணைப்பார். பாலத்தின் உச்சியில் அணைத்துவிட்டுச் சரிவில் சும்மா உருட்டிக்கொண்டு இறங்குவார். அந்த நேரத்தில் பேசக்கூடாது, கவனம் சிதறும். முன்பு பேச்சு மறுபடி தொடங்குகிற இடம் அது.

வண்டி ஐம்பது கொடுக்க வேண்டும் என்று ஒரு மெக்கானிக்கிடம் வற்புறுத்தி, பெட்ரோல் குறைவாகப் போகும்படி திருகி வைக்கச் சொன்னார். அந்த ஆள் வேண்டாம் என்றாராம். இவர் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடையாறு பாலத்தின் ஏற்றத்தில் இன்ஜின் சூடேறி இறுகிக்கொண்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி இழுத்தது. நல்லவேளை, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தோம், யாருக்கும் அடியில்லை. மந்தைவெளி வரை அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். உங்கள் தெருவைத் தாண்டித்தான் போனோம். யாராவது பார்க்கிறார்களா என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பிஸ்டன் மாற்றி வண்டி திரும்பி வந்த வாரம் என்னிடம் சொன்னார்.

"நீயும் பாப்பாவும் பஸ்ல வந்துடுங்க. நான் முன்னாடி போய் பீச்சுல நிக்கறேன்."

"ஒரே எடத்துக்குத்தான போறோம்?"

"ஆமா. வண்டிக்கு லோடு வேணாம்னு பாக்கறேன்."

நான் லோடு. சரி என்று பஸ்ஸில் போனேன். அங்கே அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். மூன்று பேரும் மணலில் உட்கார்ந்தோம். கடலை வாங்கித் தின்றோம், கடலைப் பார்த்தோம். முகத்துக்கு நேராக உட்கார்ந்தால் அவருக்குப் பேச்சு வரவில்லை. எனக்கும் வரவில்லை. இருட்டியதும் அவர் வண்டியில் கிளம்பினார், நான் பஸ்ஸுக்கு நின்றேன். இப்படிச் சில வாரம். பிறகு மகளுக்குச் சளி, பிறகு மழை, பிறகு நான் போகவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு நாள் ஆபீசிலிருந்து சந்தோஷமாக வந்தார். விடிகாலையில் கடற்கரைச் சாலையில் தனியாக ஓட்டிப் பார்த்ததில் நாற்பத்தொன்று வந்ததாம். "நாப்பத்தஞ்சுன்னு சொல்லிட்டேன்" என்றார். அவர் முகம் பரீட்சையில் தேறின பையன் மாதிரி இருந்தது. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கப் பாண்டி பஜாருக்குப் போயிருந்தேன். அங்கே நீங்கள் வண்டியில் வந்து இறங்கினீர்கள். நீங்கள், உங்கள் மனைவி, இரண்டு பிள்ளைகள், பிள்ளைகள் மடியில் பைகள். நான் கடைக்குள் நின்றதை நீங்கள் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் போனீர்கள். உங்கள் மனைவி என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னாக்கா, தனியா வந்துகீற? அண்ணன் வண்டி எங்க?"

லோடு ஏற்றினால் வண்டி குறைவாக ஓடுகிறது, உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஐம்பது வாங்க எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை என்றேன். அந்தம்மா என் தோளைத் தட்டிச் சிரித்தார்.

"அம்பதா? இந்த வண்டியா? முப்பது குடுத்தா பெரிய விசயம்கா. மாசக் கடைசில தொடவே மாட்டாரு, துணியப் போட்டு மூடிடுவாரு."

"ஆபீஸ்ல அம்பதுன்னு சொல்றாரே."

"ஸ்டாண்டுல நின்னு ஆம்பளைங்க பேசறதெல்லாம் நெசமாக்கா? சம்பளத்தையே ரெண்டு மடங்கா சொல்லிக்கினு கீறாங்க. ஓடறது ஓடட்டும்னு எங்கள எல்லா எடத்துக்கும் இட்டுக்கினு போறாரு, அது போதும்."

நீங்கள் திரும்பி வந்தீர்கள். நால்வரும் ஏறிப் போனீர்கள். உங்கள் வண்டி புகை விட்டுக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் சொன்ன நீங்கள் குடும்பத்தோடு போனீர்கள். பொய்யை நம்பினவரின் பெண்டாட்டி பஸ்ஸுக்கு நின்றாள். எனக்கு உங்கள் மனைவிமேல் பொறாமை இல்லை என்று சொன்னால் அது நானும் பொய் சொன்னதாகும்.

அன்று இரவு சேலைத் திரைக்கு இந்தப் பக்கம் கிசுகிசுப்பாக என் கணவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அவன் எதுக்குப் பொய் சொல்லணும்? அந்தப் பொம்பளைக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்? உனக்கு வண்டில ஒக்காரணும், அதுக்கு ஒரு கதை."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ புரண்டு படுத்தார்கள்.

தவணை வீட்டு மனுவுக்குக் கடைசி நாள் வந்தது, போனது. அதை ஞாபகப்படுத்த எனக்கு இடமில்லை. மாமியாருக்கு எதிரில் எப்படிக் கேட்பது? முன்பு கேட்கிற இடம் வண்டியின் பின்சீட்டு. நாங்கள் அந்தச் சந்திலேயே இருந்தோம். நாத்தனார்கள் கல்யாணமாகிப் போய், மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த வீட்டில் குரலைத் தாழ்த்தாமல் பேச முடிந்தது. அதற்குள் இருவருக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. சோறு போடட்டுமா, மாத்திரை சாப்பிட்டீர்களா, அவ்வளவுதான். கெட்ட மனிதர் இல்லை. குடிக்கவில்லை, அடிக்கவில்லை. வண்டியில் வைத்து என்னோடு பேசினாரே ஒரு ஆள், அவரைத்தான் நான் திரும்பப் பார்க்கவேயில்லை. அந்த ஆளோடு இரண்டு வருஷம்கூட வாழவில்லை நான்.

போன மாதம் ஓய்வுபெற்றவர்கள் சங்கத்தில் என் கணவருக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். என்னையும் மகளையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். நல்ல மனுஷன், வெகுளி, ஆனால் வண்டி ஓட்டத் தெரியாது, என் வண்டி ஐம்பது கொடுக்கும்போது அவன் வண்டி முப்பத்தொன்று கொடுத்தது, அண்ணியைப் பாருங்கள், காரணம் தெரியும் என்றீர்கள். இத்தனை வருஷம் கழித்தும் சபை சிரித்தது. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் மனைவி இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். குனிந்துகொண்டார்.

இரங்கல் கூட்டத்தில் சண்டை வேண்டாம் என்று வந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். உங்கள் வீட்டில் வந்து கேட்க மாட்டேன், தனியாக மன்னிப்புக் கேட்டால் வாங்க மாட்டேன். அடுத்த கூட்டத்தில் அதே மைக்கைப் பிடியுங்கள். உங்கள் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்திருந்தபோது உங்கள் வண்டி லிட்டருக்கு எத்தனை ஓடியது? அதை என் கணவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லாமல் ஏன் விட்டீர்கள்? இரண்டுக்கும் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.