சாத்தூர்க்காரர் எங்கள் அணிக்கு வந்த வருடம்

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முன்னால் பட்டாசு லேபிள், அதற்குப் பிறகு காலண்டர். எனக்குக் கால்பந்து ஆட வராது. பள்ளிக்கூடத்தில் முயன்று பார்த்து விட்டுவிட்டேன். ஆனால் ஆட்டத்தைப் பார்க்கத் தெரியும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை இன்றைக்கும் குறையவில்லை.

எங்கள் பகுதிக்கு ஓர் அணி இருந்தது. பட்டாசு, தீப்பெட்டிக் கம்பெனிகளிலும் அச்சகங்களிலும் வேலை பார்த்த இளைஞர்கள் அதில் ஆடினார்கள். தீபாவளி சீசன் முடிகிற வரைக்கும் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை பந்துக்குக் காற்றடித்துக்கொண்டு கண்மாய்க் கரைப் பொட்டலுக்குப் போய்விடுவார்கள். தை பிறந்ததும் காரியாபட்டியில் பொங்கல் போட்டி நடக்கும். அங்கே எங்கள் அணியோடு முப்பது பேர் லோடு வேனில் நின்றுகொண்டே போவோம். வேனில் இடம் பிடிப்பதிலேயே சண்டை வரும். அணியைப் பற்றிய சண்டை அதற்குப் பிறகு ஆரம்பிக்கும்.

அணியின் மேனேஜர் என் மனைவியின் அண்ணன். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அணியை ஆரம்பித்தவரே அவர்தான். யார் ஆடுவது, யார் எங்கே நிற்பது, எப்போது ஆளை மாற்றுவது என்று பதினோரு வருடமாக எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார். கம்பெனியில் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மைதானத்திலோ கோட்டுக்கு வெளியே நின்று அவர் போடுகிற சத்தம் பஸ் ரோடு வரைக்கும் போகும். பந்து கிடைத்ததும் தூக்கி முன்னால் அடிக்க வேண்டும், எல்லோரும் பின்னாலேயே ஓட வேண்டும். அவருடைய ஆட்டம் அவ்வளவுதான். ஆரம்பத்தில் அதை வைத்தே நிறைய ஜெயித்தோம். கடைசி மூன்று வருடமாகக் காரியாபட்டியில் சாத்தூர் அணியிடம் தோற்றுக்கொண்டிருந்தோம்.

சாத்தூர் அணிக்குப் பின்னால் இருந்தவர் ஒரு தையல்காரர். ஒல்லியான மனிதர். ஆட்டம் முழுக்க மடித்த நாற்காலியைப் போல ஓர் ஓரத்தில் அசையாமல் நிற்பார். அந்த வருடம் ஐப்பசியில், அவர் சாத்தூர் அணியை விட்டு விலகிவிட்டார் என்று செய்தி வந்தது. ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்த அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், அவரை நாம் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று.

தீபாவளி கழிந்த முதல் ஞாயிறு காலையில் எங்கள் அச்சகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் பேச்சு தொடங்கியது. இருபது பேராவது இருந்தோம். நான் சொன்னதும் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். எங்கள் அச்சகத்தில் பேப்பர் கட்டிங் மெஷின் பார்த்த நண்பர்தான் முதலில் எழுந்தார். போர்மேன் இல்லாவிட்டால் இந்த அணியே கிடையாது என்றார். கால் முறிந்தவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது யார், கம்பெனி கம்பெனியாகப் போய் ஆட்டக்காரர்களுக்கு லீவு கேட்டது யார் என்று வரிசையாகக் கேட்டார். ஒன்றையும் என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் லீவு வாங்கிக் கொடுப்பதும் ஆட்டம் ஆடவைப்பதும் ஒரே வேலையா என்று நான் கேட்டேன். சாத்தூர்க்காரர் வந்து ஜெயித்தால் அது சாத்தூர் ஜெயித்த மாதிரிதானே என்று அவர் திருப்பிக் கேட்டார். தோற்றுக்கொண்டே இருந்தால் மட்டும் அது சிவகாசி ஜெயித்த மாதிரி ஆகுமா என்றேன். இப்படியே மூன்று டீ ஆகிவிட்டது. பாதிப் பேர் மெல்ல மெல்ல என் பக்கம் சாய்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்துவிட்டார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, பேசுங்கள் என்று கையைக் காட்டினார். மற்றவர்கள் டம்ளரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் புறம் பேசினதாகிவிடும் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

"மச்சான், ஒங்க கம்பெனியில ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல நிக்க விடுவீகளா?" என்று கேட்டேன்.

"விட மாட்டேன்" என்றார்.

"கிரவுண்டுல மட்டும் பத்துப் பேரையும் ஒரே மூலையில கொண்டுபோய் அடைக்கீகளே, அது ஏன்?"

கடை முழுக்கச் சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கூடச் சிரித்தார். அதற்குப் பிறகு பேசுவதற்கு ஒன்றுமில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. காலி டம்ளரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போயிருந்தது. மனைவி சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். நான் சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் சொன்னாள்: "எங்கண்ணன் தோத்தாரு, அது ஊருக்கே தெரியும். அம்புட்டுப் பேரு முன்னாடி அவர வச்சுச் சிரிக்க வச்சீகளே, அது எனக்கு ஆகல."

கேட்ட கேள்வி சரியான கேள்விதான் என்று அவளிடம் வாதாடினேன். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தனியாக உட்கார்ந்திருந்தபோது மச்சான் டம்ளரை வைத்த விதம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. வெடி விபத்துக்குப் பயந்து வைத்திருக்கும் அவருடைய கம்பெனி விதியை எடுத்து அவர் மேலேயே வீசியிருக்கிறேன். அந்த நாலு பேர் கணக்கை அவர் எவ்வளவு கவனமாகப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்து எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் பார்க்கிறார்.

மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வாங்க மாப்ள என்று எப்போதும் போலத்தான் கூப்பிட்டார். உட்கார வைத்து, காப்பி கொடுக்கச் சொன்னார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் ஆரம்பித்ததும் கையமர்த்தினார்.

"நீங்க சொன்னதுல தப்பில்ல. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன், பயலுவ அப்பிடித்தான் ஒரே எடத்துல கூடுதானுவ. ஆனா என்னைய வீட்டுல வந்து கேட்டிருக்கலாம்ல மாப்ள?"

கேட்டிருக்கலாம்.  காப்பி வந்ததும் அவரே, ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் போவோம், அவரை நானே கேட்கிறேன், நீங்கள் கூட வாருங்கள் என்றார்.

சாத்தூரில் தையல்காரருடைய கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் காலருக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் யாரென்று உடனே தெரிந்துகொண்டார். மூன்று வருடமாக எதிரெதிர்ப் பக்கம் நின்ற இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று சொல்லிக்கொண்டு, பேசத் தொடங்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்கள். மழை, துணி விலை, தீபாவளி ஆர்டர் எல்லாம் பேசியாயிற்று. கடைசியில் மச்சான், ஏன் விலகிவிட்டீர்கள் என்று கேட்டார். ஜெயித்துப் பழகிவிட்டார்கள், காலையில் எழுந்து பயிற்சிக்கு வர மாட்டேன் என்கிறார்கள், அவர்களோடு மல்லுக்கட்ட முடியவில்லை என்றார் தையல்காரர்.

"எங்க பயலுவ தோத்துப் பழகினவங்க, அண்ணாச்சி. காலையில நாலு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவாங்க. நீங்க வந்து பாக்கணும்" என்றார் மச்சான்.

தையல்காரர் மெஷினை ஓட்டி அந்தக் காலரை முடித்தார். பிறகு நூலை வெட்டிவிட்டு, மச்சானைப் பார்த்து, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே என்று கேட்டுக்கொண்டு சொன்னார்: "ஒங்க டீமப் பத்தி நான் தனியா யோசிச்சதே கிடையாது. நீங்க கத்துறதக் கேட்டுக்கிட்டே இருப்பேன். யாரு எங்கன போகப்போறான்னு நீங்கதான் முன்கூட்டிச் சொல்லிருவீகளே. அதுக்குத் தக்கன எங்க ஆள மாத்திருவேன்."

நான் மச்சான் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். தையல்காரரும் சேர்ந்துகொண்டார். டீக்கடையில் நான் கேட்ட கேள்விக்கு வராத சிரிப்பு, அதைவிடப் பெரிய குத்தலுக்கு ஏன் வந்தது என்று திரும்பி வருகிற பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். இது கடைக்குள் மூன்று பேருக்கு மட்டும் கேட்ட பேச்சு. அதோடு, சொன்னவர் இவரை ஜெயித்தவர்.

சொன்னபடியே கார்த்திகை முதல் ஞாயிறு, விடிகாலை முதல் பஸ்ஸில் தையல்காரர் வந்து இறங்கினார். முதல் இரண்டு வாரம் பந்தையே தொடவிடவில்லை. பொட்டலில் குச்சிகளை நட்டு, அவரவர் எல்லையைக் காட்டி, நடக்க மட்டும் சொன்னார். ஒருவன் முன்னால் நகர்ந்தால் அவன் இடத்துக்கு யார் நகர வேண்டும் என்பதை நடந்து நடந்தே பழக வேண்டும். நாங்கள் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பார்த்தோம். நடை பழக்குவதற்குச் சாத்தூரிலிருந்து ஆள் வேண்டுமா என்று கட்டிங் நண்பர் என் காதுபடக் கேட்டார். மூன்றாவது வாரம் வெம்பக்கோட்டைக்காரர்களோடு ஒரு சும்மா ஆட்டம் வைத்தார்கள். மூன்று கோல் வாங்கித் தோற்றோம். அன்றைக்கு அத்தனை பேரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். பொங்கல் வரட்டும் என்றேன். தெரிந்துதான் சொன்னேன். தோற்றாலும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எங்கள் ஆட்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் ஆடினார்கள். அதைப் பார்க்க முடியாதவர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

மச்சான் அணியை விட்டுப் போகவில்லை. லீவு கேட்பது, வேன் பிடிப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. கோட்டுப் பக்கம் நின்று கத்துவதை மட்டும் விட வேண்டியிருந்தது. அவருக்கு அது பெரிய பாடு. வெம்பக்கோட்டை ஆட்டத்தில் வாய்வரைக்கும் வந்ததை அடக்க முடியாமல், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கருவேல மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

காரியாபட்டியில் அந்தப் பொங்கலுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். எதிரே சாத்தூர். அவர்கள் ஆட்கள் எங்கள் பக்கம் நின்ற தையல்காரரைப் பார்த்து ஊளையிட்டார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. பாதி ஆட்டம் வரைக்கும் கோல் இல்லை. பிறகு பின்வரிசையில் நிற்கும் எங்கள் பேக் ஆட்டக்காரன், தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்குகிறவன், பந்தை எடுத்தான். வழக்கமாக அவன் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிப்பான். அன்றைக்கு நிறுத்தி, பக்கத்தில் தள்ளினான். அங்கே ஆள் இருந்தான். அவன் தள்ளிய இடத்திலும் ஆள் இருந்தான். நாலாவது பாஸில் பந்து இடது ஓரத்துக்குப் போனபோது அங்கே சாத்தூர் ஆள் ஒருவர்கூட இல்லை. எங்கள் பையன் தனியாக ஓடிப்போய், கோலியைப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் உருட்டிவிட்டான். அந்த ஒரு கோலை வைத்தே ஜெயித்தோம்.

நாங்கள் உள்ளே ஓடினோம். மச்சான் மரம், துண்டு எல்லாவற்றையும் மறந்து கத்தினார். இரண்டு மாதமாக அடக்கிவைத்த சத்தம் முழுவதும் வெளியே வந்தது. தையல்காரர் நேராகச் சாத்தூர் ஆட்களிடம் போய் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். அழுதுகொண்டிருந்த அவர்கள் கோலிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார். எங்களிடம் வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

திரும்பி வருகிற வழியில் அவர் தம் ஊர்ப் பக்கம் இறங்கிக்கொண்டார். வேன் நகர்ந்ததும் கட்டிங் நண்பர் ஆரம்பித்தார். பார்த்தீர்களா, மனசெல்லாம் அங்கேதான் இருக்கிறது, சொல்லிக் கொடுக்க வேண்டியதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார், அடுத்த வருடத்துக்கு நம் போர்மேனே போதும் என்றார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அதையும் இதையும் சொல்லி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். எனக்கு நாக்கில் நல்ல பதில் ஒன்று வந்து நின்றது. இந்தத் தடவை அதை விழுங்கிவிட்டு மச்சானைப் பார்த்தேன். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"அடுத்த வருசமும் அவருதான்லே. எறங்கும்போதே பேசிட்டேன்" என்றார்.

அத்தோடு அந்தச் சண்டை முடிந்தது. தையல்காரர் நாலு வருடம் எங்கள் அணியைப் பார்த்தார். அதில் இன்னொரு தடவை கோப்பை வாங்கினோம், இரண்டு தடவை முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தோம். தோற்ற வருடங்களில் டீக்கடையில் மறுபடியும் அதே சண்டை நடந்தது, இரண்டு தடவையும் அவருக்காகப் பேசி வாயை அடைத்தது மச்சான்தான். மகளுக்குக் கல்யாணம் முடிந்து கோயம்புத்தூர் பக்கம் தையல்காரர் போனபோது, யாரை வைப்பது என்று மூன்று ஞாயிறு பேசினோம். மச்சான் வேண்டாம் என்றுவிட்டார். குச்சி அடுக்கிய அந்த பேக் ஆட்டக்காரனை வைக்கலாம் என்று நான் சொன்னேன். முதலில் மச்சான் வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கடையில் சொன்னேன். இருபத்தாறு வயதுப் பையனா என்று சிரித்தார்கள். வைத்துப் பாருங்கள் என்றேன். அதிலும் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது.