எந்தக் கையில் எடுத்தார்கள்?

ஊதா மூடி போட்ட அந்தச் சின்னக் குழாயைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டேன். டெங்குக் காய்ச்சலோடு அப்பாவைப் புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். தினமும் காலையில் வார்டு சிஸ்டர் வந்து அப்பாவின் கையிலிருந்து அதில் ரத்தம் எடுப்பார். உறைந்துவிடாமல் இருக்க மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, பெயர் ஒட்டி அனுப்புவார். ஏற்கெனவே துவண்டு கிடக்கிற மனுஷனிடம் தினம் எதற்கு ரத்தம்? இலுப்பூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். யாரிடமும் ஏமாறாமல் இருப்பதுதான் படிப்பின் பயன் என்று நினைத்திருந்த வயது.

சிஸ்டர் ஐம்பதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். கேட்டபோது, "சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தட்டு, மூணும் எப்படி இருக்குன்னு தினம் பாக்கணும்மா. அதை வச்சுத்தான் டாக்டர் முடிவு பண்ணுவாரு" என்றார். விளக்கம் சரியாக இருந்தது. அதனாலேயே நான் நம்பவில்லை.

நான்காம் நாள் சிஸ்டர் வருவதற்கு முன்பே லேபிலிருந்து ஒருவர் வந்தார். ஊசி குத்திக் குத்தி அப்பாவின் வலது கை கன்றிப்போயிருந்தது. இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. "அங்கிட்டுத் தொடாதீங்க, இந்தக் கையில எடுங்க" என்று இடது கையைக் காட்டினேன். "சிஸ்டர் வரட்டுமே" என்று அவர் தயங்கினார். "எல்லாத்துக்கும் அவங்களைக் கேக்கணுமா?" என்று நான் அதட்டியதும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியம் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. எல்லா எண்ணிக்கையும் ஒரேயடியாக இறங்கியிருந்தது. உள்ளே எங்கோ ரத்தம் கசியலாம், திருச்சிக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "தினமும் எடுத்தா வேற என்ன ஆகும்?" என்று சிஸ்டர் காதில் விழும்படி சொன்னேன்.

அவர் அப்பாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்தார், பிரஷர் பார்த்தார். "வெளிக்குப் போனது கறுப்பா இருந்துச்சாய்யா?"

"இல்லம்மா. பசிக்குது" என்றார் அப்பா.

சிஸ்டர் தாளை மறுபடி படித்தார். "மூணும் ஒண்ணுபோல பாதியாயிருக்கு. ஆளைப் பாத்தா அப்படித் தெரியலையே." என் பக்கம் திரும்பினார். "காலையில எந்தக் கையில எடுத்தாங்க?"

"வலது கையில" என்றேன். அவரிடம் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற வீம்பைத் தவிர அந்தப் பொய்க்கு வேறு காரணம் இல்லை.

அவர் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். புதிய குத்து எதுவும் இல்லை. இடது கையில், குளுக்கோஸ் ஊசிக்கு மேலே, சின்னதாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. "சொல்லுங்கம்மா. ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு" என்றார், குரலை உயர்த்தாமல்.

சொன்னேன். உடனே டாக்டருக்குப் போன் செய்தார். "குளுக்கோஸ் ஏறுற கையில எடுத்திருக்காங்க சார். தண்ணி கலந்திருக்கும். புதுசா எடுத்து அனுப்புறேன்." வலது கையின் கன்றலுக்குக் கீழே ஒரு நரம்பைத் தடவித் தேடி, ஒரே குத்தில் எடுத்தார். ஒரு மணி நேரத்தில் ரிப்போர்ட் வந்தது. முந்தைய நாள் கணக்குதான். ரத்தத்தட்டு கொஞ்சம் ஏறியும் இருந்தது. வந்த ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார்கள்.

"யாரு அந்தக் கையில எடுக்கச் சொன்னது?" என்று டாக்டர் சத்தம் போட்டார். "நான் பக்கத்துல இருந்திருக்கணும் சார். எங்க தப்பு" என்றார் சிஸ்டர். என் புத்தி அப்போதும் ஓயவில்லை. என்னைக் காப்பாற்றி இவருக்கு என்ன ஆகப்போகிறது என்றே யோசித்தது. சாயங்காலம் கேட்டேவிட்டேன். "ஏன் சிஸ்டர் என்னைச் சொல்லல?"

"நாளைக்கும் ரத்தம் எடுக்கணுமே. இன்னைக்கு ஒங்களைக் காட்டிக் குடுத்துட்டா, நாளைக்கு நான் கேக்குறதுக்கு உண்மையச் சொல்லுவீங்களா?"

இப்போதெல்லாம் ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடுகிறது. சந்தேகப்படும் குணம் இன்னும் என்னை விடவில்லை; ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை படிக்கிறேன். போன மாதம் அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனபோது, மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டார். அம்மா சட்டென்று ஆமென்று தலையாட்டினாள்.

"இல்ல சிஸ்டர். ரெண்டு நாளாச் சாப்பிடல" என்றேன். வீடு வரும்வரை அம்மா என்னோடு பேசவில்லை.